மெர்க்கெல் உயிரணுப் புற்றுநோய்

மெர்க்கெல் உயிரணுப் புற்றுநோய் என்பது தோலில் தோன்றும், அரிதான, ஆனால் விரைந்து பரவக்கூடிய புற்றுநோய் வகையாகும். ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோயை விட இது பன்மடங்கு அரிது. எனினும் நோயுற்றோரில் இறப்போரின் விகிதம் இதில் மிகுதி. அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பபெட் 2023 செப்டம்பர் 1 அன்று இந்நோயால் காலமானார்.

பெயர்

தொடு உணர்வுடன் தொடர்புடைய தோல் உயிரணுக்களை 1875இல் செருமானிய உடற்கூற்றியலாளர் பிரீட்ரிக் மெர்க்கெல் விவரித்தார். 1972இல் இப்புற்றுநோயை முதலில் விவரித்த சிரில் டோக்கர் அதற்கு வேறு பெயரே இட்டிருந்தார். பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், மெர்க்கெல் உயிரணுக்களில் உள்ளவற்றை ஒத்த நுண்மணிகள் புற்றணுக்களிலும் காணப்பட்டமையால் இன்றைய பெயர் ஏற்பட்டது. ஆயினும் இந்நோய் அவ்வுயிரணுக்களிலிருந்துதான் தோன்றுகிறது என்பது நிறுவப்படவில்லை. அவ்வகையில் பெயர் சற்றே தவறான எண்ணத்தைத் தரக்கூடியது.

காரணங்கள்

2008இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகியோரின் குழு இப்புற்றுநோய்க் கட்டிகளில் புதியதொரு தீநுண்மியைக் (வைரசு) கண்டறிந்தது. கப்போசி சதைப்புற்றுக்குக் காரணமான தீநுண்மியை 1994இல் கண்டறிந்தவர்களும் இவ்விருவரே. மெர்க்கெல் உயிரணுப் பாலியோமா தீநுண்மி எனப் பெயரிடப்பட்ட இது, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுமார் 80% கட்டிகளில் காணப்படுகிறது.

இத்தீநுண்மி பெரும்பாலான வயதுவந்தோரைத் தொற்றியுள்ளது. அவர்களுக்கு எத்தீங்கும் நேர்வதில்லை. மிக அரிதாக, அதன் டி.என்.ஏ. மனித உயிரணுவின் டி.என்.ஏ.வுடன் இணைந்து, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் ஆற்றலை இழந்த பின்னரே புற்றுநோய் உருவாகிறது. அதாவது, புற்றுநோய் தீநுண்மிக்குப் பயன் எதனையும் தருவதில்லை. அது ஒரு விபத்தே.

தீநுண்மி இல்லாத கட்டிகளுக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர்களால் ஏற்படும் மரபணுச் சிதைவுகள் காரணமாகின்றன. வெயில் கடுமையான ஆஸ்திரேலியாவில் இவ்வகைக் கட்டிகளே மிகுதி. முதியோர், வெளிர்நிறத் தோலுடையோர், உறுப்பு மாற்றம் பெற்றோர், எச்.ஐ.வி. தொற்றுடையோர் ஆகியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகும்.

அறிகுறிகள்

முகம், கழுத்து, கைகள் போன்ற வெயில் படும் இடங்களில் சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் உறுதியான சிறு கட்டி தோன்றுகிறது. அதில் வலி இருப்பதில்லை. இதனாலேயே நோயாளிகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மருத்துவர்களும் சாதாரண நீர்க்கட்டி எனக் கருதிவிடுவதுண்டு. சில வாரங்களிலோ மாதங்களிலோ விரைந்து வளர்வதே முதன்மையான எச்சரிக்கையாகும். நோயை உறுதி செய்யத் திசுப் பரிசோதனை தேவை. நுண்ணோக்கியில் இது நுரையீரலின் சிற்றணுப் புற்றுநோயைப் போலவே தோன்றுவதால், சிறப்புச் சாயமேற்றல் மூலம் வேறுபடுத்தி அறிகின்றனர்.

சிகிச்சை

கட்டி சுற்றியுள்ள நலமான தோலின் ஒரு பகுதியுடன் சேர்த்து அகற்றப்படுகிறது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் நிணநீர்க்கணுவும் ஆராயப்படுகிறது. வெளியே வீக்கம் தெரியாதபோதும் அங்கே புற்றணுக்கள் இருக்கக்கூடும். இப்புற்றுநோய் கதிரியக்கத்துக்கு நன்கு கட்டுப்படுவதால், அறுவைக்குப் பின் கதிர்வீச்சுச் சிகிச்சை பலருக்கு அளிக்கப்படுகிறது. நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் மீளும்.

உடலெங்கும் பரவிய நோய்க்கு முன்னர் வேதிச்சிகிச்சையே வழியாக இருந்தது. கட்டிகள் சுருங்கினாலும் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்தன. நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மீதுள்ள தடையை நீக்கும் மருந்துகள் இந்நிலையை மாற்றின. 2017இல் அவெலுமாப், 2018இல் பெம்புரோலிசுமாப், 2023இல் ரெட்டிஃபன்லிமாப் ஆகியன அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. முன்னர் வேறு மருந்து பெறாத நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு இத்தகைய மருந்துகளால் கட்டி சுருங்குகிறது. பலருக்கு அப்பயன் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. தீநுண்மியின் புரதங்களும், புற ஊதாக் கதிரால் சிதைந்த மரபணுக்கள் தரும் புரதங்களும் உடலுக்கு அயலானவை என்பதால், தடை நீங்கிய நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இருவகைக் கட்டிகளையும் இனங்கண்டு தாக்க முடிகிறது. உறுப்பு மாற்றம் பெற்றோருக்கு மட்டும் இச்சிகிச்சை இடர் மிக்கது. தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு, பொருத்தப்பட்ட உறுப்பையும் தாக்கக்கூடும்.