பழைய காருக்குப் புதிய ரயர்: கொழும்பில் எம்.ஜி., மொறிஸ் வைத்திருப்போர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையின் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு முற்றங்களிலும் துணியால் மூடப்பட்ட கார்கள் இன்னும் நிற்கின்றன. பெரும்பாலானவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின், வொக்ஸ்வாகன். எம்.ஜி.பி., எம்.ஜி. மிட்ஜெற், ட்றயம்ப் ஸ்பிற்பயர் போன்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் கார்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. தகப்பன் வாங்கியது, மாமா வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கும்.

2020 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைவெளியில் நின்ற கார்கள் பலவற்றை மீண்டும் ஓட வைக்கும் ஆர்வம் கூடியது. இயந்திரத்தைத் திருத்துவதற்கும் நிறம் பூசுவதற்கும் இலட்சக்கணக்கில் செலவிடுபவர்கள் ரயரைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கார் வீதியைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு இறப்பரால் மட்டுமே. பிறேக்கும் ஸ்ரியறிங்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த நான்கு உள்ளங்கைகள் பிடிக்காவிட்டால் பயனில்லை.

இந்தக் கார்கள் தப்பிப் பிழைத்த வரலாறு

நமது மக்களிடம் பழைய கார் என்பது வெறும் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. 1957 இல் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கொண்டுவரப்பட்டபோது, தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக வடக்கு கிழக்கில் இயக்கம் நடத்தியது. 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களில் தார் பூசும் போராட்டம் இந்தத் தகடுகளைச் சுற்றியே நடந்தது. அந்தக் காலத் தகட்டோடு இன்றும் ஓடும் கார்கள் அதற்குச் சாட்சி. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளோடு கார்களும் எரிந்தன.

1990 இன் பின் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது, எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்டன. அப்போது ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் கார்களே மக்களைக் காவின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ரயர் வெடித்தால் உள்ளே துண்டு வைத்து ஒட்டி, நூல் தெரியும் வரை பாவித்தார்கள்.

அது வேறு வழியில்லாத காலம். அன்று கற்றுக்கொண்ட சிக்கனம் இன்றும் நம்மில் பலரிடம் உண்டு. 'கட்டை இருக்குது தானே, இன்னும் ஓடும்' என்ற நினைப்பு அதிலிருந்து வருவது. மற்ற விடயங்களில் அது நல்ல பழக்கம். ரயரில் மட்டும் ஆபத்தானது.

முதலில் பார்க்க வேண்டியது: வயது

நின்ற காரின் ரயர் தேய்வதில்லை, ஆனால் முதுமையடைகிறது. வெயில், வெப்பம், காற்றிலுள்ள ஓசோன் ஆகியவை இறப்பரை இறுகச் செய்கின்றன. ரயர் ஓடி நெளியும்போதுதான் அதனுள் கலந்துள்ள பாதுகாப்புப் பொருள் மேற்பரப்புக்கு வரும். ஆகவே ஓடாத ரயர் ஓடும் ரயரை விட விரைவாக வெடிப்பு விடலாம். தவாளிப்பு புதிது போல ஆழமாக இருந்தாலும், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த ரயரின் காலம் முடிந்துவிட்டது.

வயதை அறிய எளிய வழி உண்டு. பக்கச் சுவரில் உள்ள நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டது. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்த முத்திரை சில வேளைகளில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். வெளியே காணாவிட்டால் காரின் அடிப்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

ஐந்து வருடம் கடந்த ரயரை வருடந்தோறும் சோதிக்கவும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தில் மாற்றவும் மிச்லின் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன. நமது வெப்பத்தில் பத்து வரை காத்திருக்காமல் ஆறு, ஏழு வருடத்தில் மாற்றுவது நல்லது. கடையில் 'புதிது' என்று தருவதும் பல வருடம் தட்டில் கிடந்ததாக இருக்கலாம். பணம் கொடுக்குமுன் நான்கு ரயரிலும் இலக்கத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதாயின் வேறு கேளுங்கள்.

அளவை வாசிப்பது எப்படி

பழைய கையேட்டில் 5.20-14, 5.60-15 என்று இருக்கும். முதலாவது ரயரின் அகலம், இரண்டாவது றிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இது குறொஸ்பிளை ரயர், அதாவது உள்நூல் படைகள் குறுக்கும் மறுக்குமாகச் செல்வது. 1946 இல் மிச்லின் உரிமம் பெற்ற றேடியல் முறையில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்கின்றன. இன்று கடைகளில் கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் றேடியலே.

165/80R14 என்றால் அகலம் 165 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தின் 80 சதவீதம். R என்பது றேடியல். றிம் 14 அங்குலம். 155R14 என்று நடு எண் இல்லாமல் இருந்தால் உயரம் சுமார் 80 சதவீதம் என்று கொள்ளலாம்.

மொத்த விட்டத்தை நீங்களே கணக்கிடலாம். அகலத்தை உயர விகிதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, றிம் விட்டத்தைக் கூட்ட வேண்டும். 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீற்றர். எம்.ஜி.பி.க்கு உரிய 165/80R14 ஐ வேறு அளவுகளோடு ஒப்பிட்டால்:

- 165/80R14: சுமார் 620 மி.மீ.
- 185/70R14: சுமார் 615 மி.மீ. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம்.
- 175/70R14: சுமார் 601 மி.மீ. மூன்று சதவீதம் சிறிது.
- 185/60R14: சுமார் 578 மி.மீ. ஏறத்தாழ ஏழு சதவீதம் சிறிது.

கடைசி அளவைப் போட்டால் கார் தாழும், இயந்திரம் கூடுதலாகச் சுழலும், வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 56 தான். வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது, றிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். மொறிஸ் மைனருக்கு 145R14 தேடி அலைபவரிடம், விற்ஸ் காருக்கு வரும் 165/70R14 ஐக் கடைக்காரர் நீட்டலாம். இரண்டின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அதற்குப் பொதுவாக நாலரை அங்குலமாவது அகலமான றிம் வேண்டும். மைனரின் றிம் அதைவிட ஒடுங்கியது. ஒடுங்கிய றிம்மில் அகன்ற ரயர் உப்பி நிற்கும், வளைவில் ஆடும். மைனருக்குப் பொருந்துவது 145R14 அல்லது 155/80R14. எம்.ஜி.பி.யில் 185/70 போட விரும்புபவரும் இதே போல றிம்மை அளக்க வேண்டும். ஸ்ரியறிங் பாரமாகும், பின் மட்காட்டில் உரசவும் கூடும்.

மிட்ஜெற், ஸ்பிற்பயர் வைத்திருப்போருக்கு ஒரு நல்ல செய்தி. அவற்றின் 145R13 க்கு நிகரான 145/80R13, ஜப்பானிய சுசுகி அல்ரோ போன்ற சிறு கார்களிலும் பாவிக்கப்படுகிறது. ஆகவே தேடினால் இங்கேயே புதிதாகக் கிடைக்கும்.

சுமையும் வேகமும்

அளவுக்குப் பின்னால் '82S' என்பது போல ஒன்று இருக்கும். 82 என்பது ஒரு ரயர் 475 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. S என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை, T 190, H 210. நமது வீதிகளுக்கு S போதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சிறு வான்களுக்குரிய 165R14 ரயர் அளவில் அச்சொட்டாகப் பொருந்தும், விலையும் வசதியாக இருக்கும். அதன் பக்கத்தில் 'எல்.ரி.' அல்லது அளவின் இறுதியில் 'சி' என்ற எழுத்து இருக்கும். அது பாரம் ஏற்றுவதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டது. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையுள்ள காரில் அது நெளியாது, நனைந்த வீதியில் பிடிக்காது. மலிவு என்று வாங்க வேண்டாம்.

கலக்கக் கூடாதவை

ஒரே அச்சில் ஒரு பக்கம் றேடியலும் மறுபக்கம் குறொஸ்பிளையும் போடவே கூடாது. முன்னுக்கு றேடியல், பின்னுக்கு குறொஸ்பிளை என்பதும் ஆபத்து. முன் சில்லு இறுகப் பிடிக்க, பின் சில்லு வழுக்கி, வளைவில் கார் சுழன்றுவிடும். நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சரி. இரண்டுக்குத்தான் வசதி என்றால், றேடியல் பின்னுக்குப் போக வேண்டும்.

கம்பிச் சில்லுக்கு ரியூப்

எம்.ஜி. போன்ற கார்களின் கம்பிச் சில்லுகளில் கம்பிகள் றிம்மை ஊடறுத்துச் செல்வதால் அது காற்றைத் தாங்காது. ரியூப்லெஸ் என்று எழுதிய ரயரானாலும் உள்ளே சரியான அளவு ரியூப் போட வேண்டும். கம்பி முனைகளை மூடும் இறப்பர் நாடியும் தேவை. பழைய ரியூப்பையே திரும்பப் போடுவது சிறு தொகையை மீதப்படுத்தப் போய் ரயரையே இழக்கும் வேலை.

வெள்ளவத்தையில் இன்னொரு பிரச்சினை கடல் உப்பு. மரைன் டிரைவ் பக்கம் நின்ற காரில் கம்பிகளும் றிம்மின் உள்விளிம்பும் துருப்பிடித்திருக்கும். ரயரைக் கழற்றும் அன்றே துருவைச் சுரண்டி நிறம் பூசி, ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் கம்பிச் சில்லைப் பொருத்தத் தனியான கூம்பு வேண்டும். கடையில் அது உண்டா என்று முதலில் கேளுங்கள்.

காற்று

ரயர் கடைகளில் எந்தக் காருக்கும் 32, 35 இறாத்தல் அடித்துவிடும் பழக்கம் உண்டு. எம்.ஜி.பி.யின் கையேடு றேடியலுக்குச் சொல்வது முன்னுக்கு 21, பின்னுக்கு 24. இன்றைய ரயர்களில் 26 முதல் 28 வரை பலர் வைக்கிறார்கள். 35 இல் ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும். காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

பாவித்த ரயரும் றீபில்ட் ரயரும்

விலையைக் கேட்டதும் பஞ்சிகாவத்தைப் பக்கம் பாவித்த ரயர் தேடத் தோன்றும். உதிரிப்பாகத்துக்கு அந்த இடத்தை மிஞ்ச ஒன்றில்லை; கதவுக் கைபிடியையும் விளக்கையும் அங்கே தேடலாம். ரயரை அல்ல. உள்ளே பட்ட காயம் வெளியே தெரியாது. றீபில்ட் ரயர் லொறிக்கு நல்லது, பழைய விளையாட்டுக் காரின் முன் சில்லுக்கு அல்ல.

1876 இல் பிரேசிலிலிருந்து வந்த விதைகளின் கன்றுகள் ஹெனரத்கொடவில் நடப்பட்டது முதல் இது இறப்பர் நாடு. களனியிலேயே கார் ரயர் செய்யப்படுகிறது. உங்கள் அளவு உள்ளூர்த் தயாரிப்பில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையேல்தான் இறக்குமதி. பிரெல்லி, மிச்லின் ஆகியவை பழைய கார்களுக்கென்றே அக்காலத் தோற்றத்தில் ரயர் செய்கின்றன. விலை அதிகம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினர் அனுப்புவதாயின், சுங்கத் தீர்வையையும் இறக்குமதிக் கட்டுப்பாட்டையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணம் போகுமுன்

நல்லூர்த் திருவிழாவுக்குப் பழைய காரில் போக ஆசைப்படுபவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். வவுனியாவுக்கு அப்பால் வெப்பமும் நீண்ட நேர்வீதியும் ரயரைச் சூடாக்கும். புதிய ரயரோடு நேரே புறப்படாமல், முதல் இருநூறு கிலோமீற்றரை நகருக்குள் மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள். மேலதிகச் சில்லின் வயதையும் பாருங்கள். பலரது காரில் நான்கு புதிய ரயரும், பின்பெட்டியில் இருபது வருடப் பழைய ஒன்றும் இருக்கும்.

தவாளிப்பு 1.6 மில்லிமீற்றரானால் சட்டம் பல நாடுகளில் ரயரைத் தள்ளுகிறது. ஒக்ரோபர், நவம்பர் மழையில் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது புத்தி. ஓடாமல் நிற்கும் காரை மாதம் ஒரு முறையாவது சிறிது தூரம் ஓட்டுங்கள், முடியாவிட்டால் சில்லு நிலத்தில் படாமல் தூக்கி வையுங்கள். ரயர் வாங்கிய திகதியையும் நான்கு இலக்கத்தையும் ஒரு தாளில் எழதிக் காரின் புத்தகத்தோடு வைத்தால், அடுத்து ஓட்டப்போகும் பிள்ளைக்கு அது உதவும்.