ஜகாத்தும் உடற்குறையுடையோரும்: தொடக்கக்கால இஸ்லாமிய வரலாற்றுச் சான்றுகள்

ஜகாத் இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. பொன், வெள்ளி, வணிகப்பொருள் ஆகியன உரிய வரம்பை எட்டி ஓராண்டு கைவசம் இருப்பின், அவற்றில் நாற்பதில் ஒரு பங்கு வழங்கப்படல் வேண்டும். அதனைப் பெறுதற்குரியோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் (9:60) வரையறுக்கிறது. அப்பட்டியலில் பார்வையற்றோரோ கால் முடங்கியோரோ தனிவகையாக இடம்பெறவில்லை. எனினும், முதலிரு நூற்றாண்டுச் சான்றுகளை நோக்கின், ஜகாத் பெறுவோருள் அவர்கள் முன்னிடத்தில் வைத்து எண்ணப்பட்டமை புலனாகும். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

உழைப்பாற்றல் என்னும் அளவுகோல்

எண்வகையினருள் முதலிருவர் ஃபக்கீர், மிஸ்கீன் எனப்படும் வறியோர். இவ்விருவரிடையே வேறுபாடு யாது என்பதில் உரையாசிரியர் கருத்து வேறுபட்டனர். நீங்காப் பிணியோ உடல்முடக்கமோ உடைய வறியவரே ஃபக்கீர், உடல்நலமுடைய வறியவர் மிஸ்கீன் என்பது பஸ்ரா நகரத்துக் கத்தாதாவின் கொள்கை. இதனைத் தபரீ (இ. 923) தம் விரிவுரையில் பதிந்துள்ளார். கத்தாதா பிறவியிலேயே பார்வையற்றவர் என்பது இங்குக் கருதத்தக்கது. செல்வர்க்கும் பொருளீட்டவல்ல உடலுறுதி உடையோர்க்கும் ஜகாத்தில் பங்கில்லை என்னும் நபிமொழியும் இதனோடு இயைகிறது. எனவே உடற்குறை நேரடியாக அன்றி, வறுமை, உழைக்க இயலாமை என்னும் இரண்டின் வழியாகவே ஜகாத்தினுள் இடம்பெற்றது. குறையுடையவராயினும் செல்வமுடையார் இதற்கு உரியரல்லர்.

உமரின் நடைமுறை

இரண்டாம் கலீஃபா உமர் (634-644) பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் இரந்து நிற்பதைக் கண்டு, தலைவரியும் முதுமையும் வறுமையுமே அதற்குக் காரணம் என அறிந்தார். அம்முதியவரும் அவரை ஒத்தோரும் வரியிலிருந்து விலக்கப்பட்டனர். பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலிலிருந்து உதவியும் பெற்றனர். அபூ யூசுஃப் (இ. 798) தரும் இச்செய்தியில், உமர் தம் செயலுக்கு மேற்கூறிய ஜகாத் வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார். சிரியப் பயணத்தில் தொழுநோயுற்ற கிறித்தவர்க்குத் தர்மப் பொருளிலிருந்து வழங்குமாறு அவர் ஆணையிட்டதைப் பலாதுரீ (இ. 892) குறிக்கிறார். பிற்காலச் சட்ட அறிஞருட் பெரும்பாலோர் ஜகாத்தை முஸ்லிம்களுக்கே உரியதாக வரையறுத்தனராதலின், இவ்விரு செய்திகளும் தனிக்கவனத்திற்கு உரியன.

உமய்யாக்கள் காலம்

கலீஃபா வலீத் (705-715) தொழுநோயாளர் இரத்தலைத் தடுத்து அவர்க்கு உதவித்தொகை அளித்தார். நடக்கவியலாதார்க்குப் பணியாளையும் பார்வையற்றார்க்கு வழித்துணையையும் அமர்த்தினார். இது பெரிதும் போற்றப்படும் செய்தி. ஆயின் இதனை ஜகாத்தின் பயனாகக் கொள்ளுதற்குத் தெளிவான சான்றில்லை. அரசின் கொடையாகவே வரலாற்றாசிரியர் கூறுவர். மன்னரின் கொடை அவர் மனநிலையைச் சார்ந்தது. அவருக்குப் பின் தொடர்தல் உறுதியன்று.

இவ்விடத்தில்தான் மற்றொரு சான்று முதன்மை பெறுகிறது. இரண்டாம் உமர் (717-720) எனப்படும் உமர் பின் அப்துல் அஸீஸ் ஜகாத்தின் பங்கீட்டைக் குறித்து அறிஞர் ஸுஹ்ரீயிடம் எழுத்து வடிவில் விளக்கம் பெற்றார். நாட்பட்ட பிணியாளர்க்கும் கால் முடங்கியோர்க்கும் ஒரு பங்கு, உடற்குறையால் பிழைப்புத் தேடி நடமாட இயலாத ஏழைக்கு ஒரு பங்கு என அதில் வகுக்கப்பட்டது. அபூ உபைத் (இ. 838) தம் பொருளியல் நூலில் இதனைக் காத்துத் தந்துள்ளார். மன்னரின் அருளாக இருந்தது, எழுதப்பட்ட பங்கீட்டு விதியாக மாறியமை இதனால் பெறப்படும்.

முடிவுரை

செல்வத்தில் இரப்போர்க்கும் இல்லார்க்கும் உரிமை உண்டு என்பது திருக்குர்ஆனின் கோட்பாடு. உடற்குறையுடையோரைப் பொறுத்தவரை அவ்வுரிமை உணவளிப்பதோடு நிற்கவில்லை. வழித்துணைக்கும் பணியாளுக்கும் ஆகும் செலவும் தேவையென மதிக்கப்பட்டது. பார்வையற்ற கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீ (973-1057) தமக்குரிய வக்ஃபு வருவாயாகிய ஆண்டுக்கு ஏறத்தாழ 30 தீனாரில் பாதியைத் தம் பணியாளர்க்கே அளித்தார் என்பர். வக்ஃபு ஜகாத்தினின்றும் வேறானது. எனினும், உடற்குறை வாழ்க்கைச் செலவை எவ்வளவு பெருக்குகிறது என்பதற்கு இது தக்க சான்று. ஆகவே ஜகாத்தால் இவர்க்கு வழங்கத்தக்கது எவ்வளவு என்பதை ஒருவேளை உணவின் விலைகொண்டு அளத்தல் பொருந்தாது; இரவாமல் வாழ்வதற்கு ஆகும் முழுச்செலவே அதற்குரிய அளவு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.