பங்குக் கிணறும் பங்கு இணைப்பும்

ஒரு வீட்டுக்கு ஓர் இணைய இணைப்பு. அவ்வீட்டில் நான்கு கணினிகள். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருந்து வாசிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இது வெறும் கணினி விவகாரம் அன்று. ஒன்றைப் பலர் பங்கிட்டுக்கொள்வது எவ்வாறு, அதன் கணக்கை யார் வைத்திருப்பது என்பவை அந்த மண்ணின் பழைய கேள்விகள்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் அது. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. கிணறு வெட்டித்தான் அதனை எடுக்கவேண்டும். தகப்பனின் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது நிலத்தைத் துண்டாட முடிந்தது. கிணற்றைத் துண்டாட முடியவில்லை. ஆகவே காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் அதற்கான வழிவாய்க்காலும் சேர்த்து எழுதப்பட்டன. முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் சட்டமாக்கிய தேசவழமையிலும், காணியை விற்க நினைப்பவர் பங்காளிக்கு முதலில் அறிவிக்கவேண்டும் என்ற முறை இடம்பெற்றது. பங்குக் கிணற்றால் மூண்ட வழக்குகளும் குறைவல்ல. ஆயினும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது எழுத்தில் இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் நின்றது. தென்பகுதியோடு இருந்த தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னைக் கொண்டு பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். ஒருவர் சுற்ற அயல் முழுவதும் செவிசாய்த்தது. செய்தியையும் பங்கிட்டே பெறவேண்டிய காலம் அது.

குடாநாடு இராணுவத்தின் வசமான பின்னர், 1996இலிருந்து தொலைபேசிச் சேவை மெல்ல மெல்லத் திரும்பியது. வீட்டுக்கு வீடு இணைப்புக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பியவை சந்திகள்தோறும் முளைத்த 'கொமினிகேசன்' கடைகள். வெளிநாட்டிலிருந்து மகன் அழைப்பான். கடைக்காரர் ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்புவார். தாய் வந்து காத்திருப்பாள். மணி மறுபடி ஒலிக்கும். வெளியுலகுக்கு ஒரே இலக்கம். அதன் பின்னால் ஒரு தெருவே இருந்தது. எந்த அழைப்பு எந்த வீட்டுக்கு என்பது கடைக்காரரின் கொப்பியிலும் நினைவிலும் இருந்தது.

ஓர் இணைப்பைப் பல கணினிகள் பகிரும் தொழில்நுட்பம் செய்வதும் இதனையே. அந்நாளைய இணையத்தின் முகவரிகள் 32 இருமக் குறிகளால் ஆனவை. எல்லாமாகச் சுமார் 430 கோடி. இது போதாது என்று உணரப்பட்டபோது, 1994 மே மாதத்தில் முகவரி மாற்று முறை ஒன்று ஆவணமாக வெளிவந்தது. 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் பாவனைக்கென 1994இல் ஒதுக்கப்பட்டன. வாசலில் இருக்கும் கருவி, உள்ளிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. எந்தக் கணினி எதைக் கேட்டது என்பதைப் போர்ட் எண்ணோடு தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் உரிய கணினியிடம் சேர்க்கிறது. 1999இல் வெளிவந்த வின்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இந்த வசதியைச் சாதாரண வீட்டுக் கணினிக்கே கொண்டுவந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபின் கணினிகளும் வந்தன. கொமினிகேசன் கடைகள் சில இணைய நிலையங்களாயின. ஒரு தொலைபேசிக் கம்பி, ஒரு மோடம், நான்கு கணினிகள். மோடத்தின் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்குப் 14. நூறு கிலோபைட் புகைப்படம் ஒன்று இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம் வேண்டும். நான் பணியாற்றிய அலுவலகத்தில் வேறொரு சங்கடமும் இருந்தது. இணையத்தில் இருக்கும்போது அதே கம்பியில் நிருபரின் அழைப்பு வராது. உலகச் செய்தியா, ஊர்ச் செய்தியா என்று அந்த ஒரு கம்பியை வைத்துத் தீர்மானித்தோம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 மூடப்பட்டதும், எரிபொருள் தட்டுப்பாட்டால் ஜெனரேற்றரை இயக்குவதற்கும் கணக்குப் பார்க்க நேர்ந்தது.

பங்கிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பல கணினிகள் ஒரு முகவரிக்குள் நிற்கும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் ஒருவரே. ஒருவர் எழுதிய மின்னஞ்சலுக்கு மற்றவர் பொறுப்பாகலாம். இணைப்பின் சொந்தக்காரர் எல்லோருக்கும் பொறுப்பாகலாம். சந்தேகம் ஒன்றே ஒருவரின் உயிரைப் பறிக்கப் போதுமானதாயிருந்த நாள்களில், இது ஏட்டளவிலான அச்சம் அன்று. யார் வந்தார், எந்த இருக்கையில் அமர்ந்தார் என்ற குறிப்பு ஒருவரைக் காப்பாற்றவும் கூடும், காட்டிக்கொடுக்கவும் கூடும்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்தது. கைபேசியிலேயே இணையம் வந்துவிட்டதால், இனிப் பங்கு எதற்கு என்று தோன்றலாம். உண்மை வேறு. உலக இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே, சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்கென்று 100.64 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. நெல்லியடியில் ஒருவரும் சாவகச்சேரியில் ஒருவரும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே முகவரியால் உலகுக்கு அறிமுகமாகலாம்.

பங்குக் கிணற்றில் பங்காளி யாரென்பது உறுதியில் இருந்தது. கொமினிகேசன் கடையில் கொப்பி இருந்தது. இன்று அந்தக் கொப்பி நாம் காணாத இடத்தில் இருக்கிறது. ஆகையால் நாளை எவரேனும் ஓர் இணைய முகவரியைக் காட்டி, 'எழுதியவர் இவரே' என்று ஒரு பிள்ளையைச் சுட்டினால், எந்த நேரம், எந்தப் போர்ட் எண், அந்த நேரத்தில் அந்த முகவரியில் வேறு எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். பத்திரிகையாளரும் சட்டத்தரணிகளும் இதனை முதலில் அறிந்திருத்தல் நன்று.