குடிப்பவனும் குற்றவாளியா? வன்னி கண்ட தண்டனைகள்

"இயக்கம் இருந்த காலத்தில இதெல்லாம் இருந்ததோ?"

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஐஸ், ஹெரோயின், மாவா என்று கதை தொடங்கினால், பத்து நிமிசத்துக்குள் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர் பெரும்பாலும் ஒரு அம்மாவாக இருப்பார், இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அதுக்குள்ளே ஒரு முடிவு இருக்கிறது: பயம் இருந்தது, அதனால் ஒழுக்கம் இருந்தது, இப்ப பயம் இல்லை. ஆகவே பிடித்து உள்ளே போடவேண்டும்.

இந்த முடிவை நாங்கள் லேசாகத் தள்ளிவிட மாட்டோம். பிள்ளை வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, மனித உரிமை பற்றி வகுப்பெடுக்க எங்களுக்கு வாய் வராது. ஆனால் போதையையும் குடியையும் தண்டனையால் அடக்கும் முயற்சி வன்னிக்குப் புதிசு இல்லை. வேறு வேறு அதிகாரங்கள் வேறு வேறு சீருடையில் வந்து இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அவை எதைத் தண்டித்தன, எதை விட்டுவிட்டன என்று கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தால் நல்லது.

பிரித்தானியர் காலத்தில் இருந்து தொடங்குவோம். மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது. இன்றைக்கும் மதுவரித் திணைக்களம் கசிப்புப் பிடிக்கப் போவது அந்தச் சட்டத்தின் பெயரில்தான். பெயரிலேயே விசயம் இருக்கிறது: மது"வரி". குடிப்பது பிழை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு வரி கட்டாமல் வடிப்பதும் விற்பதும்தான் பிழை. அனுமதிப்பத்திரம் எடுத்த சாராயக் கடை சட்டபூர்வமானது. அனுமதியில்லாமல் பனையில் முட்டி கட்டியவர் குற்றவாளி. மரத்தில் ஏறியவர்கள் எந்தச் சாதியினர், இறக்கியதை வாங்கிக் குடித்தவர்களில் எத்தனை பேர் "பெரிய மனுசர்" என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மதுவிலக்குக் கூட்டங்களில் மேடையில் இருந்தவர்கள் யார், வழக்குக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தாலும் அதே கோடுதான் தெரியும்.

அபினுக்கு இதே ஆட்சி வேறொரு வழியையும் வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழக்கப்பட்டவர்களைப் பதிவுசெய்து, அவர்களுக்கு மட்டும் அளந்து கொடுக்கும் முறை இலங்கையில் இருந்தது. அரசாங்கத்துக்கு இரக்கம் வந்து செய்த வேலை இல்லை அது. ஆனால் பாவிப்பவரை சிறைக்கு அனுப்பாமலும் ஒரு அரசு நடக்கலாம் என்பது இங்கேயே நடந்த சங்கதி. பிறகு 1929இன் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றுவரை எங்கள் பெடியளை நீதவான் முன் நிறுத்தும் சட்டம் அதுதான், பல திருத்தங்களோடு.

அடுத்தது 1980கள். இதைக் கதைக்க எங்கள் சமூகம் இன்னமும் தயங்குகிறது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் இயக்கங்கள் "சமூக விரோதி" என்று அட்டை எழுதி, ஆட்களைச் சுட்டு மின்கம்பங்களில் கட்டிவிட்டன. கள்ளன், காட்டிக்கொடுத்தவன், கசிப்பு வித்தவன் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் போனார்கள். விசாரணை என்ன, சாட்சி என்ன என்று கேட்ட ஆட்கள் குறைவு. கைதட்டிய ஆட்களும் இருந்தார்கள். "சமூக விரோதி" என்ற சொல்லுக்கு அளவுகோல் கிடையாது. யாரையும் அதுக்குள் போடலாம்.

1990களில் வன்னியில் நிலைமை கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. தமிழீழக் காவல்துறை 1991இல் தொடங்கியது. பிறகு நீதிமன்றங்களும் சட்டக் கோவையும் வந்தன. கசிப்புக் காய்ச்சினால் பிடிப்பார்கள், தண்டம் அடிப்பார்கள், பங்கர் வெட்ட விடுவார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லுவார்கள். இரவு பத்து மணிக்கும் பெண்பிள்ளை தனியச் சைக்கிளில் வரலாம் என்பதும் அவர்கள் சொல்லும் கதைதான். அந்த நினைவைப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விசயம் அந்த நினைவில் விடுபட்டுப் போகிறது. அப்ப வன்னிக்குள் எதுதான் வந்தது? 1990இல் இருந்து 2002 வரை பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மண்ணெண்ணெயைக் கணக்குப் பார்த்து ஜாம் போத்தல் விளக்கில் எரித்த காலம் அது. மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஒரு பனடோல் அட்டையே சோதனைச் சாவடியைத் தாண்டி வரக் கஷ்டப்பட்ட இடத்துக்கு, ஹெரோயின் எந்த வழியால் வரும்? பாதை திறந்திருந்த காலம் கொஞ்சம்தான். 2006 ஓகஸ்ட்டில் முகமாலை மறுபடி மூடுப்பட்டது. போதைப்பொருள் வராமல் இருந்ததுக்குக் காவல்துறையின் கண்டிப்பும் ஒரு காரணம்தான். மற்றக் காரணம், வன்னியே ஒரு பூட்டின அறையாக இருந்தது. வாங்கக் காசும் இல்லை. வாங்கும் வயதில் இருந்த பெடியள் பலர் போர்முனையில் நின்றார்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அந்தக் காலத்தின் "சுத்தத்தை" விரும்புகிறவர்கள் அந்தப் பூட்டையும் சேர்த்துத்தான் விரும்ப வேண்டியிருக்கும்.

2009 மேக்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திறந்தது. செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்து சனம் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தது. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. வந்த இடத்தில் கூரை இல்லை, ஆனால் ஏ9 வீதி இருந்தது. அந்த வீதியால் லீசிங் கொம்பனி வந்தது, நுண்கடன் வந்தது, மதுக்கடையும் வந்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தின் கூட்டு உளவடு பற்றி 2010இலேயே எழுதியிருந்தார். போருக்குப் பின்னான சமூகங்களில் குடி கூடுவது அந்த வடுவின் ஒரு முகம் என்பதும் அவர் எழுத்தில் இருக்கிறது. இரவில் நித்திரை வராத ஒரு ஆள், செத்தவர்களின் கணக்கை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு ஆள், போத்தலை எடுக்கிறார். அதை முதலில் ஒரு நோயாளியின் செயலாகப் பார்க்கவேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

அரசாங்கம் எப்படிப் பார்க்கிறது? இரண்டு கண்ணால் பார்க்கிறது. ஒரு கண்ணுக்கு மது வருமானம். மதுவரித் திணைக்களம் ஆண்டுக்கு நூறு பில்லியன் ரூபாவுக்கு மேல் திறைசேரிக்குக் கட்டுகிறது. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் அந்த வருசத்து மதுபான அனுமதிப்பத்திரப் பட்டியல் வெளிவந்தபோது கிளிநொச்சியின் பெயர் பெரிதாக அடிபட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். யார் சிபாரிசு செய்தது என்று அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அதே மாவட்டத்தில், காட்டோரத்தில் கோடாப் பரலோடு பிடிபடுகிறவருக்குத் தண்டப்பணம். குடும்பத்தைத் தனியாளாய் இழுக்கும் பெண்களும் அதில் இருக்கிறார்கள். தண்டத்தைக் கட்டக் காசில்லாவிட்டால் சிறை. காசு கட்டவேண்டுமென்றால் திரும்பக் காய்ச்சத்தான் வேணும். இலங்கைச் சிறைகளுக்குப் போகும் தண்டனைக் கைதிகளில் பெரும்பகுதி தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள் என்று சிறைச்சாலைப் புள்ளிவிபரங்களே வருசா வருசம் காட்டுகின்றன.

மற்றக் கண்ணுக்குப் போதைப்பொருள் முழுக்க முழுக்கக் குற்றம். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயின் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2 கிராம் என்றால் அரைத் தேக்கரண்டி சீனி. 2022இல் ஐஸையும் சேர்த்து 5 கிராமுக்கு அதே தண்டனை என்றார்கள். இப்படி எழுதி நாற்பது வருசம். 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும் ஆயுள் சிறை நிஜம்தான். போதைப்பொருள் குறைந்ததா? பாக்கு நீரிணை தாண்டிக் "கேரளக் கஞ்சா" வருகிறது, ஐஸ் வருகிறது. சந்திக்குச் சந்தி காவலரண் உள்ள ஒரு பிரதேசத்துக்குள் இது எப்படி வருகிறது என்று சனம் கேட்பது நியாயமான கேள்வி. பெரிய படகின் சொந்தக்காரர் அகப்படுவது அபூர்வம். தன்ரை பாவிப்புக்குக் காசு தேட நாலு பக்கற் காவிக்கொண்டு போகிற இருபது வயதுப் பெடியன் அகப்படுவது தினசரி. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை அவன் விளக்கமறியலில் கிடப்பான். உள்ளே போகும்போது பாவனையாளன். வெளியில் வரும்போது அவனுக்கு வியாபாரிகளின் தொலைபேசி இலக்கம் பாடம்.

2023 டிசம்பர் 17ஆம் திகதி "யுக்திய" தொடங்கியது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நீதி என்று பொருள். பொலிசும் படையும் வீடுவீடாகப் போயின, தொலைக்காட்சிக் கமராக்களும் கூடப் போயின. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைது என்று ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் சுட்டிக்காட்டி, நடவடிக்கையை நிறுத்தச் சொன்னார்கள். ஆட்களை அவமானப்படுத்தும் முறைகளைக் கண்டித்தார்கள். கொழும்பில் பலருக்கு இது புதுச் செய்தி. சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிசு இல்லை.

இங்கேதான் வன்னிக்கு மட்டும் விளங்கக்கூடிய ஒரு விசயம் வருகிறது. "சிறைக்கு அனுப்பாதேங்கோ, புனர்வாழ்வுக்கு அனுப்புங்கோ" என்று நல்ல மனசோடு பலர் சொல்கிறார்கள். புனர்வாழ்வு! 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் போன இடத்தின் பெயரும் அதுதான். வவுனியா பூந்தோட்டம், பம்பைமடு, பொலநறுவைப் பக்கம் வெலிக்கந்தை, கந்தக்காடு. வழக்கும் இல்லாமல், தீர்ப்பும் இல்லாமல், முள்ளுக்கம்பிக்குள்ளே "திருத்தப்பட்டு" வந்தவர்கள் அவர்கள். வந்த பிறகும் அந்தச் சொல் அவர்களின் நெற்றியில் நின்றது. வீட்டுக்குப் புலனாய்வு வந்தது, வேலை தர ஆட்கள் யோசித்தார்கள். பிறகு அதே கந்தக்காடு போதைப்பாவனையாளர்களின் நிலையமாக மாறியது. கட்டடமும் அதுதான், நடத்திய படைத்தரப்பும் அதுதான். 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் செத்தார். கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். இராணுவத்தினரும் விமானப்படையினருமாக நாலு பேர் அந்த மரணம் தொடர்பாகக் கைதானார்கள். நோயாளி செத்தால் வைத்தியசாலையில் விசாரணை நடக்கும். இங்கே காவலுக்கு நின்றவர்களே கைதானார்கள் என்றால், அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அதே வருசம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தின் முதல் வடிவத்தை எடுத்துப் பாருங்கோ. போதைக்கு அடிமையானவர்கள், முன்னாள் போராளிகள், தீவிரவாதக் குழுக்கள், இன்னும் "வேறு ஆட்கள்" எல்லாரும் ஒரே வரிசை. ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகு, அந்த வரிசையைச் சுருக்கி 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். 1980களின் "சமூக விரோதி"ப் பட்டியலுக்கும் அந்த முதல் வரைவின் "வேறு ஆட்க"ளுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தால் எங்களுக்கு முதுகு சில்லிடுகிறது.

வெளியில் என்ன நடந்தது? பிலிப்பைன்சில் 2016இல் டுட்டெர்ட்டே ஆட்சிக்கு வந்தபின் அரசாங்கக் கணக்கிலேயே 6,000க்கு மேல் சாவு. போதைப்பொருள் அங்கே ஒழியவில்லை. போர்த்துக்கல் 2001இல் எதிர்ப்பக்கம் போனது. பத்து நாள் பாவனை அளவுக்கு உட்பட்டதைக் கையில் வைத்திருந்தால் அது குற்றவியல் வழக்கு இல்லை. ஆள் ஒரு ஆலோசனைக் குழுவின் முன் போகவேண்டும். கடத்தலும் விற்பனையும் அங்கே இன்னமும் குற்றம்தான். இதை எங்கள் ஆட்கள் அடிக்கடி மறந்துவிட்டு, "எல்லாத்தையும் திறந்துவிடச் சொல்லுறீங்களோ" என்று சண்டைக்கு வருவார்கள். பக்கத்தில் தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசாங்கமே டாஸ்மாக் கடை நடத்தும் மாநிலம் அது. கடையில் வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளிகள்தான் அந்தப் பக்கற்றை வாங்கினார்கள். சம்பவத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரை சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

எங்கள் நிலைப்பாட்டைச் சுத்திவளைக்காமல் சொல்லிவிடுகிறோம். விற்பவர், கடத்துபவர், பள்ளிக்கூடத்து வாசலில் மாவா கொடுப்பவர் குற்றவாளிதான். குடிச்சிட்டு மனுசிக்கு அடிப்பவரும் குற்றவாளிதான். அடித்ததுக்குத்தான் வழக்கு, வெறி அதுக்குச் சாட்டு இல்லை. ஆனால் தன் உடம்புக்குள் ஏற்றுவதற்காக ஒருவரைச் சிறையில் போடுவதை நிறுத்தவேண்டும். அவரை முள்ளுக்கம்பிக்குள் போட்டு அதுக்குச் சிகிச்சை என்று பெயர் வைப்பதையும் நிறுத்தவேண்டும். 2007ஆம் ஆண்டின் சிகிச்சைச் சட்டம் தானாக விரும்பி வருபவருக்கும் வழி வைத்திருக்கிறது, நீதிமன்றம் கட்டாயப்படுத்தி அனுப்பவும் வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் பெருத்தது இரண்டாவதுதான். முதலாவதுக்கு மாவட்ட வைத்தியசாலையில் கட்டில் வேணும், உளமருத்துவர் வேணும், தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளர் வேணும். மாங்குளத்தில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ கிளினிக்குக்கு வந்துபோகப் பஸ் காசும் வேணும், அன்றைக்குப் போன கூலியும் வேணும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பிள்ளையைப் பிடித்துக்கொடுக்க அவர் பொலிசுக்குப் போவது, பிள்ளை சிறைக்குப் போகவேண்டும் என்ற ஆசையில் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் கத்தி தூக்கினால், வேறு எந்த இலக்கத்துக்கும் அடிக்க வழியில்லை. 119 மட்டும்தான் எடுக்கும்.