பிரமாதி வருஷமும் கோபாலும்

ஊரில் பழைய ஜாதகக் கட்டைப் பிரித்தால் "பிரமாதி வருஷம், தை மாதம்" என்று மட்டும் இருக்கும். 1940 தையா, 2000 தையா? 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருமே! ஜாதகக்காரர் தாத்தாவா பேரனா என்று பார்த்து நாமே முடிவு கட்டிவிடுவோம். கணினிக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது.

வங்கிகளைத் தாங்கி நின்ற கோபால் மொழியில் (இது வேற கோபால்!) இன்றைய தேதியைக் கேட்டால், 1974 தரநிலைப்படி ஆறே இலக்கம்தான் வரும். வருஷத்துக்கு இரண்டு. நூற்றாண்டை மொழியே தராது. நாலு இலக்கத்தில் வருஷம் தரும் வசதி 1989ல்தான் தரநிலையில் சேர்ந்தது. அதற்குள் உலகம் முழுக்க எழுதிக் குவித்தாகிவிட்டது. 99 டிசம்பரில் போட்ட டெபாசிட்டுக்கு 00 ஜனவரியில் வட்டி கணக்கிட்டால்? மைனஸ் 99 வருஷம்!

முறையான வைத்தியம், எல்லா ஃபைலிலும் வருஷத்தை நாலு இலக்கமாக்குவது. நேரமும் காசும் விழுங்கும். அதனால் பல இடங்களில் குறுக்கு வழிதான். 00 முதல் 49 வரை என்றால் முன்னால் 20 போடு, 50க்கு மேல் 19 போடு. இதற்கு விண்டோயிங் என்று பெயர். நம்ம ஜாதகக் கணக்கேதான்! ஐபிஎம் தன் கோபால் கம்பைலரிலேயே இதற்கொரு வசதி வைத்தது. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைத் தூக்கியும் விட்டது.

நான் அப்போது பி.காம். தெருவுக்குத் தெரு கோபால் வகுப்பு. இங்கே டெல்லியில் மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில் அரசின் ஒய்2கே குழு. அமெரிக்கா 65,000 ஆக இருந்த எச்1பி வரம்பை 1999க்கும் 2000க்கும் 1,15,000 ஆக்கியது. பொட்டி தட்டக் கிளம்பிய நம்மாட்கள் பலருக்கு விமானச் சீட்டு வாங்கித் தந்ததே இந்த இரண்டு இலக்கம்தான்.

எங்கள் பாஷையில் சொன்னால் விண்டோயிங் கடனை அடைப்பதல்ல, தவணையைத் தள்ளிப்போடுவது. 2020 ஜனவரி 1 அன்று ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள், திருத்தம் போடாத இடங்களில், இரண்டு இலக்க வருஷத்தைப் புரிந்துகொள்ளாமல் முழித்தது. எக்செலிலும் நெடுங்காலம் 29 என்றால் 2029, 30 என்றால் 1930. இருபது வருஷ வீட்டுக்கடன் முடியும் தேதியை அப்போது அதில் இரண்டு இலக்கத்தில் அடித்திருந்தால், தாத்தா காலத்திலேயே கடன் தீர்ந்திருக்கும்!

என் மேசைக்கு வரும் படிவத்தில் வெறும் 35 என்று இருந்தால், முன்னால் 20 எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். ஊரில் அப்பா அம்மா பென்ஷன் தாளிலும் பிறந்த வருஷம் நாலு இலக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.