பர்கூர்ச் சீமையில் யோசேப்பின் கதை
திருமறைக் கதைகளும் படிப்பினைகளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

"இக்கதையால் நாம் கற்றுக்கொள்ளும் பாடம் யாது?" ஞாயிறு பள்ளியில் வளர்ந்த நம் யாவருக்கும் இவ்வினா பழக்கமானது. ஆசிரியர் கதையைச் சொல்லி முடிப்பார். பின்னர் இவ்வினாவை எழுப்புவார். நாமும் "பொய் சொல்லலாகாது", "பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்று ஒருமித்து விடை கூறுவோம். இன்று அருளுரைப் பீடத்தில் நிற்கும்போதும் கதையைச் சுருக்கி, மூன்று படிப்பினைகளை எண்ணிட்டுக் கூறி முடிப்பது நம்மில் பலருக்கு வழக்கமாயிருக்கின்றது. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் சபைகளுக்கு அது தந்தது என்ன? அவற்றினின்று மறைத்தது என்ன? பர்கூர்ச் சீமையின் ஊழிய வரலாற்றைத் துணைகொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் மக்களும்

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது பர்கூர். மிஷன் ஆவணங்களில் பருகூர் என்றும் இப்பெயர் காணப்படும். பாராமகால் எனப்பட்ட இப்பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளும் புழங்கும் எல்லைப் புறம் இது.

இந்நிலத்து மக்களைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இவர்கள் கதை கேட்டுப் பழகியவர்கள். திரௌபதை அம்மன் விழாக்களில் பாரதச் சொற்பொழிவையும் இரவு முழுதும் நடைபெறும் கூத்தையும் ஊரே கூடியிருந்து கேட்பது இப்பகுதியின் நெடுநாள் மரபு. கூத்தின் முடிவில் எவரும் எழுந்து, இதனால் அறியப்படும் நீதி இன்னது என்று உரைப்பதில்லை. கேட்பவரே கதைக்குள் நுழைந்து, அழுது, விடியலில் வீடு திரும்புவர்.

இரண்டாவது, இவர்கள் பஞ்சம் அறிந்தவர்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கொடிய துன்பத்திற்கு உள்ளாயிற்று. தானியமின்றி வீடு துறந்து அலைந்ததும், குடும்பங்கள் சிதறியதும் அடுத்த தலைமுறையிலும் மறக்கப்படாத நினைவுகளாயிருந்தன.

2. வேதத்தைக் குறித்த ஒரு வழக்கு

இம்மக்களிடையே லுத்தரன் ஊழியம் வேரூன்றிய விதம் தனித்தன்மை வாய்ந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த தியோடர் நேத்தர் ஐயரும் பிரான்ஸ் மோன் ஐயரும் திருமறையின் தெய்வீக அருளுதலைக் குறித்த கருத்து வேறுபாட்டால் 1893ஆம் ஆண்டையொட்டி அம்மிஷனை விட்டு விலகினர். திருமறை முழுவதும் தேவ ஆவியால் அருளப்பட்டது, பிழையற்றது என்பதில் தளர்வு கூடாது என்பது அவர்களது நிலை. அதே நம்பிக்கையில் உறுதியாயிருந்த அமெரிக்க நாட்டு மிசௌரி சினாடு அவர்களை ஏற்று, 1894 அக்டோபரில் ஊழியத்திற்கென்று பிரதிஷ்டை செய்து அனுப்பியது. 1895இல் நேத்தர் ஐயர் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். மோன் ஐயர் ஆம்பூரை ஏற்றார். காலப்போக்கில் பர்கூரும் அம்மிஷனின் ஊழியத் தலங்களுள் ஒன்றாயிற்று. 1958இல் தன்னாட்சி பெற்ற இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இவ்வித்தினின்று முளைத்ததே.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஒன்று உண்டு. வேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்காகவும் வழக்காடி, தம் மிஷனையும் துறந்தவர்கள், அந்த வேதத்தை எழுத்துக் கூட்டியும் வாசிக்க இயலாதவர்களே பெரும்பான்மையாயிருந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்து மதராஸ் மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. சேரிகளில் அதினும் குறைவு. ஆகவே ஐரோப்பிய இறையியலார் நூல்களில் வழக்காடிய வேதம், இங்கே கதையாக, வாய்மொழியாக, மரநிழலிலும் கூரைப் பள்ளியிலுமே முதலில் கேட்கப்பட்டது.

3. படிப்பினை முறையின் பிறப்பு

கதையோடு படிப்பினையையும் சேர்த்துக் கொடுக்கும் முறை ஜெர்மானிய லுத்தரன் பள்ளிகளில் நன்கு வளர்ந்திருந்தது. ஹாம்பர்க் நகரப் பள்ளித் தலைவராயிருந்த யோஹான் ஹியூப்னர் 1714இல் ஒரு வேதக் கதை நூலை வெளியிட்டார். பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என்று 104 கதைகள் அதில் இருந்தன. ஒவ்வொரு கதைக்குப் பின்னும் வினாக்கள், பயனுள்ள படிப்பினைகள், பக்திச் சிந்தனைகள் என்று வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சேற்றியதும் அதே 1714ஆம் ஆண்டில்தான். ஹியூப்னரின் நூல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளிகளில் வழங்கிற்று. வேத சரித்திரத்தையும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் இணைத்துக் கற்பிப்பது லுத்தரன் கல்வியின் முதுகெலும்பாயிற்று.

இம்முறையின் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நூலில்லாத இல்லங்களில் வேதம் மனப்பாடமாகக் குடிகொள்ள இது வழி செய்தது. ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. கதை விரைவில் வெறும் உமியாகவும், படிப்பினையே அரிசியாகவும் எண்ணப்படலாயிற்று. நீதிக்கதை மரபு மிக்க நம் நாட்டில் ஆபிரகாமும் தாவீதும் பஞ்சதந்திரப் பாத்திரங்களைப் போலாயினர். மிசௌரி சினாட்டின் பேராசான் வால்தர், கட்டளையையும் நற்செய்தியையும் வேறுபடுத்தி அறிவதே போதகருக்குரிய கடினமான கலை என்று வலியுறுத்தியவர். அவருடைய விரிவுரைகள் 1897இல் நூலாயின. எல்லாக் கதைகளையும் "இப்படிச் செய், இப்படிச் செய்யாதே" என்று முடித்துவிடுவோமாயின், அம்மரபின் வழியிலேயே நின்று நற்செய்தியை இழந்தவர்களாவோம்.

4. விடுபட்ட வசனங்கள்

யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்வோம். இதினின்று நாம் வழக்கமாகப் பெறும் பாடங்கள் மூன்று: கற்பு, உழைப்பு, பொறுமை. இவை மெய்யே. ஆனால் இம்மூன்றுக்குள் அடங்காத வசனங்களைப் பர்கூர்ச் சீமையின் சேரி மக்கள் எவ்வாறு கேட்டிருக்கக்கூடும்?

ஆதியாகமம் 43ஆம் அதிகாரம் 32ஆம் வசனத்தில், யோசேப்புக்குத் தனியாகவும், சகோதரருக்குத் தனியாகவும், எகிப்தியருக்குத் தனியாகவும் உணவு படைக்கப்படுகிறது. எபிரெயரோடு உண்பது எகிப்தியருக்கு அருவருப்பு என்று காரணமும் கூறப்படுகிறது. தனிப்பந்தியை அறிந்தவருக்கு இவ்வசனத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ட தமிழ்நாட்டில், அதிபதியாகிய யோசேப்பும் தனிப்பந்திக்கு உட்பட்டவன் என்பது சிறு செய்தியன்று. சாதி வேற்றுமையைச் சபைக்குள் எந்த அளவு பொறுத்துக்கொள்வது என்பதில் லைப்சிக் மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டிய தளர்வும், அதனால் எழுந்த கடும் விவாதங்களும் நாம் அறிந்தவையே. இவ்வசனத்தை நின்று வாசித்திருந்தால் அவ்விவாதத்தில் அதுவும் ஒரு சாட்சியாயிருந்திருக்கும்.

47ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. பஞ்சத்தில் மக்கள் முதலில் பணத்தையும், பின்பு ஆடுமாடுகளையும், இறுதியில் நிலத்தையும் தங்களையுமே தானியத்திற்காக ஒப்புக்கொடுக்கின்றனர். உயிர் காத்த யோசேப்பின் கையாலேயே அவர்கள் பார்வோனுக்கு அடிமைகளாகின்றனர். தாது வருஷத்தில் நிலம் விற்றும் கடன்பட்டும் பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இது பழங்கதையன்று. ஆசாரியரின் நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை என்று 22ஆம் வசனம் கூறுகிறது. அவர்களுக்கு அரண்மனைப் படி இருந்ததே காரணம். குருக்களாகிய நாம் இவ்வசனத்தைப் பற்றி அருளுரை கேட்டதுண்டா? படிப்பினைப் பட்டியல் நம்மைக் காயப்படுத்தாத வசனங்களையே தெரிந்தெடுக்கிறது. முழுக் கதையோ எவரையும் விட்டுவைப்பதில்லை.

5. திருமறையே காட்டும் முறை

கதையினின்று பாடம் பெறும் வழியைத் திருமறையே காட்டுகிறது. நாத்தான் தீர்க்கன் தாவீதிடம் ஒரு கதை சொன்னான் (2 சாமுவேல் 12). கேட்டவன் சினந்து தீர்ப்புக் கூறிய பின்னரே, அம்மனிதன் நீயே என்று வெளிப்படுத்தினான். அங்கே பாடம் கதைக்கு வெளியே தனித்து நிற்கவில்லை. கேட்டவனே கதைக்குள் அகப்பட்டான். நல்ல சமாரியன் உவமையிலும் ஆண்டவர் விளக்கம் உரைத்து முடிக்கவில்லை. காயப்பட்டவனுக்கு அயலானாயிருந்தவன் எவன் என்று கேட்டு, நியாயசாஸ்திரியின் வாயினின்றே விடையை வருவித்தார் (லூக்கா 10). அவனோ "சமாரியன்" என்னும் சொல்லைக் கூற நாணி, இரக்கஞ் செய்தவன் என்று சுற்றி வளைத்துக் கூறினான். பாடம் கற்பது இத்தகைய நோவோடு நிகழ்வது.

6. கதை சொன்னவரின் முடிவு

1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் 1898இல் பெங்களூரை எட்டிற்று. அதையடுத்த எல்லைப் புறமும் அதற்குத் தப்பவில்லை. நேத்தர் ஐயர் 1904இல் கிருஷ்ணகிரியில் அந்நோயினால் மரித்தார். அங்கு அவர் ஊழியஞ் செய்தது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளே. 1913இல் வந்த செவிலியர் லூயிஸ் எல்லர்மன் அம்மையார் பர்கூர்ப் பகுதியில் மருத்துவப் பணியாற்றினார். ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனை தோன்றுவதற்கு முன்னோடியான பணி அது.

இவர்களுடைய வாழ்வையும் மூன்று படிப்பினைகளாகச் சுருக்கிவிட நமக்குத் தோன்றலாம். அதைச் செய்யாதிருப்போம். ஒன்றை மட்டும் கூறலாம்: வேதம் மெய் என்று நூல்களில் வழக்காடியவரின் வழக்கு, கொள்ளைநோய் வந்த ஊரில் அவர் இருந்து மரித்தபோதே அவ்வூராருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

7. இன்றைய பர்கூரும் நம் ஊழியமும்

இன்று அந்நெடுஞ்சாலையின் இருபுறமும் காட்சி மாறியுள்ளது. பர்கூரில் ஜவுளி வாணிகம் செழிக்கிறது. சுற்றுப்புறக் குன்றுகளில் கருங்கல் வெட்டப்படுகிறது. சிப்காட் தொழிற்பேட்டைகள் ஓசூரிலும் பர்கூரிலும் எழுந்துள்ளன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் இங்கே உழைக்கின்றனர். பெண்கள் விடுதிகளில் தங்கித் தொழிற்சாலை செல்கின்றனர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் முன்பணம் பெற்று உழைப்பை அடகு வைப்பவரின் துயரம் நாட்டில் முற்றிலும் அற்றுப்போகவில்லை. இத்தகையோர் நம் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அந்நிய நாட்டில் விற்கப்பட்ட வாலிபனின் கதையை அவர்களுக்கு "உழைத்தால் உயரலாம்" என்னும் ஒரே வரியாகச் சுருக்கிக் கூறுவோமா?

இறையியல் மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. படிப்பினையைத் தேடும் முன் கதையை முழுதும் வாசியுங்கள். இடறலான வசனத்தில் நில்லுங்கள். அங்கே முதலில் உங்களைக் காணுங்கள். கேட்போருக்கு அவர்கள் இடத்தைக் கதைக்குள்ளே விட்டுவையுங்கள்.

யோசேப்பின் கதையும் படிப்பினையோடு முடியவில்லை. தகப்பன் மரித்தபின் சகோதரர் பழிக்கு அஞ்சி நடுங்குகின்றனர். யோசேப்போ அழுகிறான், தேவனுடைய இடத்தில் தான் இல்லை என்கிறான், அவர்கள் தீமையாக நினைத்ததைத் தேவன் நன்மையாக முடித்தார் என்று சொல்லி, அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக வாக்களிக்கிறான் (ஆதியாகமம் 50). குற்றமுள்ளவர்களுக்கு அங்கே கிடைத்தது அறிவுரையன்று, மன்னிப்பு. அம்மன்னிப்பைச் சிலுவையில் முழுமையாகக் கண்டவர்கள் நாம். கிறிஸ்தவ வாழ்வு அதினின்று பிறப்பதால், ஏனைய பாடங்கள் யாவும் அதன்பின் வரட்டும்.