பழைய பீட்டல் காரின் பெட்ரோல் குழாய்: எங்கே உலோகம், எங்கே ரப்பர்?

வோக்ஸ்வேகன் பீட்டல் 1938 முதல் 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. பழைய கார் பிரியர்களுக்கு அது இன்றும் செல்லப்பிள்ளை. ஆனால், இன்ஜின் பகுதியில் தீப்பிடித்து எரிந்துபோன பீட்டல்களும் உண்டு. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, வெடிப்பு விட்ட ரப்பர் பெட்ரோல் குழாய்.

ரப்பர் ஏன் கெடுகிறது?

இன்ஜின் சூட்டில் ரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய தரத்து ரப்பரை மேலும் விரைவாகக் கெடுக்கும். பீட்டலின் பழைய குழாய்களுக்கு மேலே நூல் பின்னல் இருப்பதால் உள்ளே உள்ள வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கசியும் பெட்ரோல், அருகிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டரின் தீப்பொறியில் பற்றிக்கொள்ளலாம். இன்ஜினின் அடிப்பாகம் மெக்னீசியம் கலப்பு உலோகம். அது எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூட்டும்.

எதை மாற்றலாம்?

எல்லாவற்றையும் உலோகமாக்கிவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. பெட்ரோல் டாங்கி முன்புறம் உள்ளது. அங்கிருந்து காரின் நடுப்பகுதி வழியாகப் பின்னால் வரும் குழாய் தொடக்கத்திலிருந்தே உலோகம்தான். அது முடியும் இடத்துக்கும் இன்ஜினுக்கும் இடையே ரப்பர் இருந்தே ஆகவேண்டும். இன்ஜின் அதிரும், கார் உடல் அப்படி அதிராது. இரண்டையும் உலோகக் குழாயால் இறுக்கிப் பிணைத்தால் நாளடைவில் குழாய் விரிசல் கண்டுவிடும்.

பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் இன்ஜின் மீதே இருப்பவை, சேர்ந்தே அசைபவை. எனவே, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை உலோகக் குழாயாக்கி, இரு முனைகளில் மட்டும் சிறு ரப்பர் துண்டுகளை வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* எஃகு அல்லது செம்பு-நிக்கல் குழாய் ஏற்றது. செம்பு-நிக்கல் எளிதில் வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும்.
* குழாயை வளைக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். கையால் வளைத்தால் மடிந்து பெட்ரோல் ஓட்டம் தடைபடும்.
* வெட்டிய முனையின் பிசிறை நீக்கி, உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ரப்பர் நழுவாமலிருக்க முனையில் சிறு புடைப்பு வளையம் தேவை.
* இன்ஜின் தகரத்தின் ஓட்டை வழியே குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகர விளிம்பு குழாயை அறுத்துவிடும்.
* பிளாஸ்டிக் பில்டரை இன்ஜின் அறையில் தொங்கவிடக் கூடாது.
* கார்புரேட்டரிலும் பம்பிலும் உள்ள பித்தளை முனைகள் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொள்வது அவசியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தூரத்து நெருப்பையும் எட்டும். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இங்கு சொன்னவை கார்புரேட்டர் உள்ள கார்களுக்கே பொருந்தும். இன்ஜெக்‌ஷன் கார்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அதற்கென உள்ள குழாய்களும் இணைப்புகளும் வேண்டும். எந்தக் காரானாலும், எஞ்சியுள்ள ரப்பர் துண்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே பாதுகாப்பு.